ஆப்ஷனல் பாஸை அடிப்பது எப்படி, விட்டுத் தொலைப்பது எப்போது

ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் கேம்களில், கதையை முடிக்க அடித்தே தீர வேண்டிய பாஸ், அதாவது பெரிய எதிரி, ஒரு ரகம். அடிக்காமல் போனாலும் கதை முடிந்துவிடும், ஆனால் மேப்பின் ஏதோ ஒரு மூலையில் நமக்காகக் காத்துக்கொண்டே இருக்கும் பாஸ் இன்னொரு ரகம். இந்தக் குறிப்பு இரண்டாவது ரகத்தோடு மோத நினைப்பவர்களுக்கு. முதல் ரகத்தைச் செய்யும்போது, ஆடுகிறவர் முடிவுவரை வர வேண்டுமே என்ற கவலை கேம் செய்தவர்களுக்கே இருக்கும். இரண்டாவதில் அந்தக் கவலை கிடையாது, இஷ்டத்துக்கு முறுக்குவார்கள். அதனால்தான் மிக அருமையான சண்டைகளும் மகா அநியாயமான சண்டைகளும் இந்த ரகத்திலேயே கிடைக்கின்றன.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கானாடுகாத்தானில் குடும்பத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். பகலில் காரைக்குடியில் ஓர் இரும்புக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். பங்காளிகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள், படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு நிறையும். ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, டிவி இரண்டாம் கட்டில். நடுவில் இருக்கும் சுண்ணாம்புச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை வளவைத் தாண்டி வருவதே இல்லை. ஆன்லைனில் நாலு பேரோடு சுட்டு விளையாடும் யோகம் அதனால் எனக்கு வாய்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து ஆடும் ஆர்பிஜிதான் வாய்த்தது. மலேசியாவிலிருந்து வந்த அம்மான் மகன் பிளேஸ்டேஷனை இங்கேயே விட்டுவிட்டுப் போனதும் ஒரு காரணம்.

செத்ததற்குக் காரணம் சொல்ல முடிகிறதா?

கஷ்டமான பாஸ் வேறு, அநியாயமான பாஸ் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். செத்தவுடன், லோடிங் திரை போவதற்குள், எதனால் செத்தோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் அந்த பாஸ் எவ்வளவு அடித்தாலும் நியாயமானதுதான், உட்கார்ந்து ஆடலாம். நாலைந்து முறை செத்தும் காரணம் தெரியவில்லை என்றால், கேம் எதையோ மறைக்கிறது.

அண்ணன் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான், லீவுக்கு வந்தால் டிவி அவன் கையில். 2022-ல் வந்த எல்டன் ரிங்கில் மலேனியா என்று ஒருத்தி இருக்கிறாள். ஹேலிக்ட்ரீ என்ற மரத்தின் அடிவேரில் இருப்பவள், அவளைத் தொடாமலே கேமை முடிக்கலாம். அவன் பெரிய கேடயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான். அவள் வெட்டினாள், இவன் தடுத்தான், இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுடைய எச்பி, அதாவது உயிர் அளவு, ஏறியது. "ஏமாத்துது அயித்தை! தடுத்ததுக்கெல்லாம் ஏறுது பாருங்க!" என்றான். "ஏமாத்தலப்பு, அவ வாள் உன் மேல பட்டா ஏறும். கேடயமும் உன்னுதுதானே? அதைக் கீழே வை" என்றேன். கேடயத்தை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாளைப் பிடித்து, தடுப்பதை விட்டு உருண்டு தப்பிக்கப் பழகியதும் சண்டையே வேறு மாதிரி ஆனது.

மலேனியாவின் விதி முதல் வெட்டிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் அடி கனம், ஆனால் உடம்பு லேசு. நாம் அடித்தால் தடுமாறுவாள். ரத்தக்கசிவையும் உறைபனியையும் உண்டாக்கும் அடிகள் அவளிடம் நன்றாக வேலை செய்யும். பக்கத்திலேயே சேவ் இடம் இருப்பதால் செத்தாலும் சில நொடிகளில் திரும்பப் போய் நிற்கலாம். துணைக்கு ஆவிகளைக் கூப்பிடலாம், ஆனால் அந்த ஆவியை அவள் வெட்டினாலும் அவளுக்கு எச்பி ஏறும் என்பதை மறக்கக் கூடாது. சும்மா முன்னால் நின்று அடிவாங்கும் ஆவியைக் கூப்பிட்டால் அவளுக்குச் சோறு போட்ட மாதிரிதான்.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. எச்பி முக்கால் அளவுக்கு இறங்கிய பிறகு, ஒரு காலை மடக்கி அந்தரத்தில் ஒரு கணம் நின்று, சரமாரியாகச் சுழன்று வெட்டும் அந்த ஆட்டம். வாட்டர்ஃபவுல் டான்ஸ் என்பார்கள். தள்ளி நின்றால் தப்பலாம். அவள் காலடியில் நிற்கும்போது எழும்பினாள் என்றால், முதல் சுழற்சியிலிருந்து உருண்டு தப்புவது சாமானியப்பட்டவர்களால் ஆகிற காரியம் இல்லை. அந்த ஓர் இடத்தில் அவள் அநியாயம்தான் என்று நான் ஒப்புக்கொள்வேன். செய்ய வேண்டியது: எச்பி முக்கால் அளவுக்கு வந்ததும் ஒட்டி நிற்பதை நிறுத்துங்கள். ஓர் அடி, இரண்டு அடி, உடனே விலகல். எழும்பினால், அவளையே பார்க்கும்படி பூட்டிய கேமராவை விடுவித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள். முதல் சுழற்சி காற்றில் போகும். அடுத்த இரண்டுக்கும் அவளை நோக்கியே உருள வேண்டும், பின்னால் உருண்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஓட நேரமில்லாத அளவுக்குப் பக்கத்தில் நின்றால், ஃப்ரீசிங் பாட் என்ற உறைபனிக் குடுவை கையில் இருந்தால் எறியுங்கள். உறைபனி அந்த நேரத்தில் பிடித்தால் ஆட்டம் பாதியில் நிற்கும்.

சாவுக்குக் கணக்கு எழுதுவது

கடையில் தீர்ந்துபோன பேரேடுகளின் பின்பக்கத் தாள்கள் வீணாகக் கிடக்கும். நான் அதில் மூன்று பத்தியாகக் கோடு கிழித்துக்கொள்வேன். எந்த அடியில் செத்தேன், எங்கே நின்றேன், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி. நாலு வார்த்தைக்கு மேல் வேண்டாம், எழுதுவதற்குள் ஆட்டத்தின் சூடு ஆறிவிடும்.

ஒரு பக்கம் நிறைந்ததும் கூட்டிப் பாருங்கள். முதல் பத்தியில் பத்துப் பதினைந்து விதமான அடி இருக்கும் என்று நினைப்போம், இரண்டு அல்லது மூன்றுதான் இருக்கும். மீதி அடிகளை நாம் அறியாமலே கற்றுக்கொண்டிருப்போம். மூன்றாவது பத்தியில் பெரும்பாலும் "மருந்து குடித்தேன்" என்றுதான் வரும். எச்பி குறைந்த பதற்றத்தில், பாஸின் முகத்துக்கு எதிரேயே குப்பியைத் திறந்திருப்போம். அந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதிச் சண்டை முடிந்தது. இரண்டாவது பத்தியில் "சுவரோரம்" என்று அடிக்கடி வந்தால் பிரச்சினை பாஸிடம் இல்லை, கேமராவிடம் இருக்கிறது. 2016-ல் வந்த டார்க் சோல்ஸ் 3-ன் நேம்லெஸ் கிங் அப்படி. முதல் பாதியில் பறக்கும் டிராகன் மேல் ஏறிவருவான். அவன்மேல் கேமராவைப் பூட்டினால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், நம் கால் எங்கே என்று நமக்கே தெரியாது. பூட்டாமல் ஆடுங்கள், டிராகனின் வயிற்றுக்கடியில் போகாதீர்கள், போனால் மேலே எழும்பி நெருப்பைக் கொட்டும். தலைக்கு முன்னால் நின்று தலையையே அடியுங்கள். கேமராவோடு மோதவைத்துக் கஷ்டத்தைக் கூட்டுவதை நான் நியாயக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாம் பாதியில், அவன் தரையில் இறங்கிய பிறகு, சண்டை பிரமாதம்.

முதல் சில முறை ஜெயிக்கும் நினைப்பே வேண்டாம். ஆயுதத்தைத் தொடாமல், எவ்வளவு நேரம் உயிரோடு நிற்க முடிகிறது என்று மட்டும் பாருங்கள். 2025-ல் வந்த கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 இதற்கு நல்ல பள்ளிக்கூடம். டர்ன் முறைச் சண்டைதான், அதாவது ஆளுக்கு ஒரு முறை மாறி மாறி அடிப்பது, ஆனால் எதிரி அடிக்கும் நேரத்தில் பட்டனை அழுத்தி விலகலாம் அல்லது அடியைத் தட்டிவிடலாம். தட்டிவிட்டால் லாபம் அதிகம், நேரம் மிகக் குறுகல். விலகுவதற்கு நேரம் தாராளம். புதிதாக வரும் பாஸிடம் விலகுவதை மட்டும் செய்யுங்கள். மிகச் சரியான நேரத்தில் விலகினால் 'பெர்ஃபெக்ட்' என்று திரையில் வரும். அது வந்தால், அதே நொடியில் தட்டிவிட்டிருந்தாலும் பலித்திருக்கும் என்று அர்த்தம். அடுத்தடுத்து 'பெர்ஃபெக்ட்' வரும் அடிகளுக்கு மட்டும் தட்டிவிடுவதற்கு மாறிக்கொள்ளுங்கள். அந்தக் கேமின் உச்சக்கட்ட ஆப்ஷனல் பாஸ் சைமனிடம் இதைப் பழகாமல் போனால் நிற்கவே முடியாது.

எண்ணைப் படியுங்கள்

டர்ன் முறை ஆர்பிஜிகளில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், தொழில் புத்தி. பாஸ் அடித்ததும் நம் ஆளின் தலைக்கு மேல் வரும் சேத எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடக் குறைய வந்தால் சாதாரண அடி, கவசத்தை ஏற்றினால் குறையும். அச்சடித்த மாதிரி அதே எண் வந்தால் அது நிலையான சேதம். கவசத்துக்காக எவ்வளவு செலவழித்தாலும் அது அசையாது. வேறு வழிதான் தேட வேண்டும்.

ஃபைனல் ஃபேண்டஸி 7-ல் கடலுக்கடியில் எமரால்டு வெப்பன் இருக்கிறது. எச்பி 10 லட்சம், அதற்குரிய மெட்டீரியா (ஆயுதத்திலும் கவசத்திலும் உள்ள ஓட்டைகளில் மாட்டும் சக்திக் கல்) இல்லாமல் போனால் 20 நிமிடக் கெடு வேறு. அதன் ஓர் அடி ஒருவருக்கு 4444, இன்னொருவருக்கு 8888, மூன்றாமவருக்கு 9999 என்று விழும். எண்களைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிட வேண்டும், எல்லாம் 1111-ன் மடங்கு. அவரவர் மாட்டியிருக்கும் மெட்டீரியா ஒன்றுக்கு 1111. எட்டு மாட்டினால் 8888, முழு எச்பி இருந்தால் பிழைக்கலாம். ஒன்பதாவதை மாட்டினால் காலி. ஆசைப்பட்டு அத்தனை ஓட்டையிலும் மெட்டீரியாவை அடைத்துக்கொண்டு போகிறவர்தான் முதலில் விழுவார். என்னைக் கேட்டால் இது அழகான நியாயம், கழற்றி வைத்தால் போதும், லெவல் ஏற்ற வேண்டியதே இல்லை.

இதைவிட அழகு 1999-ல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 8-ன் ஒமேகா வெப்பன். அதன் எச்பி 10 லட்சத்தைத் தாண்டும். ஆப்ஷனல் பாஸ் என்றதும் எல்லோரும் செய்வது லெவலை 100 வரை ஏற்றுவது. ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒமேகா முதல் அடியாக எடுப்பது லெவல் 5 டெத். யாருடைய லெவல் ஐந்தால் மீதியின்றி வகுபடுகிறதோ அவர்கள் அந்த இடத்திலேயே சாவார்கள். 100 ஐந்தால் வகுபடும். மாதக்கணக்கில் பாடுபட்டு உச்சத்துக்குப் போனவர் ஒரு நொடியில் மூன்று பேரையும் பறிகொடுப்பார். லெவல் 37-ல் போனவர் நிற்பார்.

வழி இருக்கிறது. டெத் மேஜிக்கை 100 சேர்த்து ஸ்டேட்டஸ் தற்காப்பில் மாட்டிக்கொண்டால் அந்த அடி தொடாது. அதற்குப் பிறகு வரும் மெகிடோ ஃபிளேம் எல்லோருக்கும் 9998. எச்பி சரியாக 9999 இருந்தால் ஒரே ஒரு எச்பியோடு நிற்கலாம். பிறகு டெரா பிரேக் என்று வரிசையாகப் பல அடி. அதற்கு முன் டிஃபெண்ட் என்ற தற்காப்புக் கட்டளை கொடுத்திருந்தால் சேதம் பூஜ்யம். இதெல்லாம் எப்போது வரும் என்று எப்படித் தெரியும்? ஒமேகா ஒரே வரிசையில்தான் அடிக்கும், மாற்றாது. வரிசையைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த அடிக்கு முன்னாலேயே தயாராகிவிடலாம். அத்தனை கொடூரமான பாஸ், ஆனால் ஓர் இடத்தில்கூடப் பொய் சொல்லாது.

பொய் சொல்லும் பாஸ் எப்படி இருக்கும்? 2002-ன் கிங்டம் ஹார்ட்ஸில் செஃபிராத்தை அடிக்க ஆரம்பித்தால் ரொம்ப நேரத்துக்கு எச்பி பட்டை அசையாது. பட்டையில் காட்டுவதைவிட அதிகமாக வைத்திருக்கிறான். நாம் அடிப்பது படவே இல்லையோ என்று பலர் பாதியில் ஓடிவந்திருப்பார்கள். தொடர்ந்து அடியுங்கள், அசையும். அதே செஃபிராத், நம் எச்பியை ஒன்றுக்கு இறக்கும் அடிக்கு முன்னால் வாய்விட்டு ஒரு வசனம் சொல்கிறான். கேட்டவுடன் ஓடிப்போய் அவனை அடித்தால் அது கலைந்துவிடும். ஒரே பாஸுக்குள் அநியாயமும் நியாயமும்.

லெவல் மட்டும்தான் பதில் என்றால்

போக்கிமான் கோல்டு, சில்வரில் எல்லாம் முடிந்த பிறகு மவுண்ட் சில்வரின் உச்சியில் ரெட் நிற்பான். முதல் கேமில் நாம் ஆடிய அதே பையன். பேசமாட்டான், மூன்று புள்ளி மட்டும் வரும், உடனே சண்டை. மனசுக்குப் பிடித்த காட்சிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதற்கு முன் அடித்த கடைசி ஜிம் தலைவன் புளூவிடம் உள்ள போக்கிமான்கள் அதிகபட்சம் 58-ஆம் லெவல். ரெட்டிடம் மிகக் குறைந்ததே 73, பிகாச்சு 81. நடுவில் ஏறிவரப் படியே இல்லை. எலைட் ஃபோர் என்ற நால்வரோடு திரும்பத் திரும்ப மோதி லெவல் ஏற்றுவதுதான் பெரும்பாலோர் போகும் வழி. இதை அநியாயம் என்று சொல்லமாட்டேன், சோம்பேறித்தனம் என்பேன், செய்தவர்களுடையது. இப்படிப்பட்ட பாஸை வேலை செய்துகொண்டே ஒரு கையால் ஆடும் நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

எச்பியை மட்டும் மலைபோல் குவிப்பதும் அதே ஜாதி. 2006-ல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 12-ன் யாஸ்மட்டுக்கு எச்பி 5 கோடிக்கு மேல். அந்தப் பழைய பதிப்பில் ஓர் அடியின் உச்சவரம்பு 9,999. வகுத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தவறாமல் உச்சத்திலேயே விழுந்தாலும் ஐயாயிரம் அடி. நல்லவேளையாக நடுவில் வெளியே போய் சேவ் செய்துவிட்டுத் திரும்ப வரலாம். கண்டிப்பாகச் செய்யுங்கள். எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிற்கும் நாள் பேப்பரில் முன்னாலேயே வந்துவிடும், ஆனால் சொல்லாமல் போகிற கரண்ட் எந்தப் பேப்பரிலும் வராது. 2017-ன் ஸோடியாக் ஏஜ் பதிப்பில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், ஆட்டத்தை வேகமாக ஓட்டும் பட்டனும் உண்டு. புதிதாக ஆடுகிறவர்கள் அதையே வாங்குங்கள்.

நடந்து போகும் தூரத்தையும் பாருங்கள். டார்க் சோல்ஸ் 2-ன் ஐவரி கிங் பகுதியில் லட், ஸாலன் என்று இரண்டு பனிப்புலிகள். ஒவ்வொரு முறை சாகும்போதும் கண் தெரியாத பனிப்புயலில், மின்னலோடு பாயும் குதிரைகளுக்கு நடுவே நெடுந்தூரம் போக வேண்டும். சண்டையைவிட நடைதான் கொல்லும். நான் விட்டுவிட்டேன், வருத்தமே இல்லை.

சொல்லாமல் பாய்கிற பாஸ்

இதற்குத் தற்காப்பு சேவ் ஒன்றுதான். ஃபைனல் ஃபேண்டஸி 5-ன் கடைசிக் குகையில் ஒரு பெட்டி. திறந்தால் ஷின்ரியூ என்ற டிராகன் வெளியே வந்து, எடுத்த எடுப்பில் பேரலையை வீசும். கோரல் ரிங் போட்டிருந்தால் அலையே மருந்தாகிவிடும், போடாமல் திறந்தவர் கதி அதோகதி. கடைசிக் குகைகளில் எந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னும் சேவ் செய்யுங்கள். ஒரே ஸ்லாட்டில் மேலே மேலே எழுதாமல் இரண்டு ஸ்லாட்டில் மாற்றி மாற்றி.

ஃபைனல் ஃபேண்டஸி 10 இன்னும் மோசம். விமானக் கப்பல் கிடைத்த பிறகு, சும்மா பெசெய்ட் ஊருக்குத் திரும்பிப் போனால் வாசலிலேயே டார்க் வேலஃபோர், 8 லட்சம் எச்பி. முன்னறிவிப்பே கிடையாது. இந்த டார்க் ஏயான்கள் (நாம் துணைக்கு அழைக்கும் ஏயான் என்ற உருவங்களின் எதிரி வடிவங்கள்) 2001-ல் ஜப்பானில் வந்த முதல் பதிப்பில் இல்லை, பிறகு இன்டர்நேஷனல் பதிப்பில் சேர்த்தவை. 2013-ன் ஹெச்டி ரீமாஸ்டரிலும் இருக்கின்றன. பழைய பதிப்புக்கு எழுதிய வழிகாட்டியை வைத்துக்கொண்டு ரீமாஸ்டரை ஆடினால் அதில் ஒரு வார்த்தைகூட இருக்காது. வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள். பெசெய்ட்டில் எடுக்க வேண்டியதை எல்லாம் கப்பல் கிடைப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அதே கேமில் குறுக்குவழியும் இருக்கிறது. கூலிக்குச் சண்டை போடும் யோஜிம்போ என்ற ஏயானைக் கூப்பிட்டு, கில் என்ற அந்தக் கேமின் காசை அள்ளிக் கொடுத்தால், மனசு வந்தால் ஸான்மட்டோ என்று ஒரே வெட்டு. எதிரே யார் நின்றாலும் தீர்ந்தது, 1 கோடியே 20 லட்சம் எச்பி உள்ள பெனன்ஸ் உட்பட. அண்ணன் மகனுக்கு இது பிடிக்காது. "காசு குடுத்து ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா அயித்தை?" என்பான். கேமே கொடுத்த வழி, நாம் ஓடியாடிச் சேர்த்த காசு, இதில் என்ன தப்பு என்பது என் கட்சி. கொடுக்கும் தொகை, அவருக்கு நம்மோடு உள்ள ஒட்டுதல், கொஞ்சம் அதிர்ஷ்டம் மூன்றும் கூடினால்தான் வெட்டு விழும். அதனால் சண்டைக்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள். காசு மொத்தத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, தன் நாயை மட்டும் ஏவிவிட்டுப் பேசாமல் நிற்பதும் அவருக்கு வழக்கம்.